நின்றால் ஓடும் நெஞ்சு

குனிந்து தேயிலைச் செடிகளின் தலையைக் கவ்வாத்து வெட்டும்வரை அழகையாவுக்கு ஒன்றுமில்லை. நிமிர்ந்தால்தான் வினை. கண் இருட்டும், நெஞ்சு திடுதிடுவென்று ஓடும். செடியைப் பிடித்துக்கொண்டு சற்று நிற்பார், பிறகு சரியாகிவிடும்.

அட்டன் பக்கத்திலிருந்து, தாயகம் திரும்பியவர்களோடு கப்பலேறி வந்து, அரவேணுவுக்கு மேலே இந்தத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கட்டிக்கொடுத்த மூத்த மகள் அந்தக் கரையிலேயே தங்கிவிட்டாள். அந்த ஏக்கத்துக்கும் இங்கத்திய குளிருக்கும் சேர்த்து, மாலையானால் ஓடைப்பக்கம் போய்க் கள்ளச்சாராயம் குடித்தார். மதுவிலக்குக் காலம், எல்லாம் மறைவில்தான்.

நெஞ்சு ஓடுவதை மனைவி சின்னம்மையிடம் அவர் சொல்லவில்லை. அவருடைய அண்ணன் நாற்பது வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர், எழவே இல்லை. தனக்கு இப்போது நாற்பத்தொன்று. நோயாளி என்று தெரிந்தால் வேலையும் போகும், தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும்.

ஒருநாள் காலை நிமிர்ந்தவர் அப்படியே சாய்ந்தார். கவ்வாத்துக் கத்தி முழங்காலைக் கீறியது. நாலு பேர் தூக்கிக்கொண்டு தோட்டத்து மருந்தகத்துக்கு ஓடினார்கள். கொழுந்துக் கூடையோடு சின்னம்மையும் வந்து சேர்ந்தாள்.

நர்ஸ் பியாட்ரிஸ் காயத்துக்குக் கட்டுப் போட்டாள். அவரைப் படுக்கவைத்து நாடி பிடித்தாள், எண்பத்துநாலு. எழுந்து நிற்கச் சொல்லி மறுபடி பிடித்தாள், நூற்று முப்பது. ரத்த அழுத்தமும் இறங்கியிருந்தது.

"நேத்து எவ்வளவு குடிச்சீங்க?"

"ரெண்டு கிளாசுங்க, மிஸ்ஸி."

"பொய் மிஸ்ஸி, முழுப் போத்தல்" என்றாள் சின்னம்மை.

பியாட்ரிஸ் சிரிக்கவில்லை. "எந்திரிச்சா ரத்தம் காலுக்கு எறங்குமுங்க. ரத்தக்குழாய் இறுகி அதை மேல ஏத்தோணும். சாராயம் குழாயைத் தொளதொளன்னு ஆக்கிப்போடுது, ஒடம்புத் தண்ணியையும் வடிச்சுப்போடுது. ஈடு கட்டறதுக்கு நெஞ்சு கெடந்து ஓடுது. எதுக்கும் குன்னூர்ல படம் எடுத்துப் பாத்துப்போடலாம்."

மறுநாள் குன்னூர் பெரியாஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். துடிப்பு கோடாக விழுந்த காகிதச் சுருளை டாக்டர் ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்தார்.

"இதயம் நல்லா இருக்குய்யா. குடியை மட்டும் விடு."

அழகையா வராந்தாவில் உட்கார்ந்து தேம்பி அழுதார். அண்ணனைப் போலத் தானும் போய்விடுவோமோ என்று பயந்ததை அப்போதுதான் மனைவியிடம் சொன்னார்.

"இத்தன நாளா இதத்தான் தனியா சுமந்துக்கிட்டு திரிஞ்சீங்களா?" என்று திட்டியபடியே முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள் சின்னம்மை.

விடுவது லேசாக இல்லை. முதல் வாரம் கை நடுங்கியது. பியாட்ரிஸ் தினமும் வரச்சொல்லி மருந்து கொடுத்தாள். மாரியம்மன் திருவிழாவில் ஒருமுறை தவறினார். மறுநாள் காலை எழுந்ததுமே கண் இருட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்குப்பின் ஓடைப்பக்கம் போகவில்லை.

மூன்றாம் மாதம் பியாட்ரிஸ் நாடியை விட்டு நிமிர்ந்தாள். "படுத்தா எழுபத்தாறு, நின்னா எண்பத்தெட்டு. நாளைக்கே மறுபடி கவ்வாத்து வெட்ட மலைக்குப் போலாமுங்க."

வெளியே மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. அழகையா ஏற்றத்தில் விடுவிடுவென்று நடந்தார். பின்னாலிருந்து சின்னம்மை கத்தினாள்:

"மெதுவாப் போங்க! எனக்கு மூச்சு வாங்குது!"