மாங்குளத்தில் நிற்காத ரயிலும் தரம் எட்டுக் கணிதப் போட்டியும்

போன சனிக்கிழமை முல்லைத்தீவிலிருந்து கிளிநொச்சிக்கு ஒரு கணிதப் போட்டிக்காகப் போய்வந்தோம். போட்டி எனக்கல்ல, எனக்கு வாய்ப்பாடு பன்னிரண்டோடு முடிந்துவிடும். எழுதப் போனவள் அக்காவின் மகள் அனிற்றா. தரம் எட்டு. போன வருடம் இதே போட்டியில் ரயில் கணக்கில் கோட்டைவிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து வினாத்தாளைக் கிழித்துக் குசினி அடுப்பில் போட்டாள்.

"இன்னும் ஒருக்கா எழுதுறன். இந்த முறையும் சரிவராட்டி, இனிப் போட்டியெண்டு ஆரும் என்னைக் கேக்கக்கூடாது" என்றாள். சொன்னால் செய்கிற பிள்ளை. அவள் வெல்வது தோற்பது பற்றி எனக்குப் பெரிய கவலையில்லை. இந்தப் பிடிவாதத்தில் கணக்கையே விட்டுவிடுவாளோ என்பதுதான் பயம்.

வில்லங்கம் இதுதான். 200 மீற்றர் நீளமான ரயில், மணிக்கு 72 கிலோமீற்றர் வேகத்தில், 300 மீற்றர் பாலத்தை முழுதாகக் கடக்க எவ்வளவு நேரம்? அனிற்றா பதினைந்து செக்கன் என்பாள். சரியான விடை இருபத்தைந்து, ஏனென்றால் வால் பெட்டியும் பாலத்தைத் தாண்ட வேண்டும். ரீச்சர் மூன்று தரம் படம் கீறிக் காட்டியும் ஏறவில்லை. "பஸ்ஸின்ரை நீளத்தை ஆரும் கூட்டுறேல்லையே சித்தி?" என்று என்னிடம் கேட்டாள். எங்கள் கரையோரத்தில் தண்டவாளம் கிடையாது. பிள்ளை ரயிலைத் தூரத்தில் பஸ் யன்னலால் பார்த்ததோடு சரி.

அத்தானோ கடலுக்குப் போகிறவர், அக்காவுக்கு பஸ்ஸில் தலை சுற்றும். கூட்டிப்போகும் வேலை என் தலையில் விழுந்தது. உடனே எனக்கு ஒரு பெரிய யோசனை பிறந்தது. மாங்குளம் வரை பஸ், அங்கிருந்து கிளிநொச்சிக்கு ரயில். ஏறி இருந்தாலே நீளம் விளங்கிவிடும் அல்லவா? கைப்பேசியில் பழைய நேர அட்டவணை ஒன்று கிடந்தது. அது எவ்வளவு பழையது என்று நான் பார்க்கவில்லை.

காலை 4.45க்கு முல்லைத்தீவில் பஸ் ஏறினோம். மாங்குளத்துக்கு 49 கிலோமீற்றர், ஆளுக்கு 180 ரூபாய். ஒட்டுசுட்டானுக்கு அப்பால் யானை ஒன்று வீதியைக் கடக்கும்வரை பன்னிரண்டு நிமிடம் நின்றோம். "இதுக்கு யானையின்ரை நீளத்தையும் கூட்டவேணுமோ?" என்று அனிற்றா கேட்டாள். நக்கல் என்று தெரிந்தும் ஓம் என்று சொல்லி வைத்தேன்.

6.25க்கு மாங்குளம். நிலையத்தில் ரிக்கற் கொடுக்கும் யன்னல் பூட்டியிருந்தது. பஸ்ஸில் போல உள்ளே எடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டு மேடைக்குப் போனோம். 6.50க்குத் தெற்கே ரயில் தெரிந்தது. இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பஸ் தரிப்பிடம் எல்லாம் பேச்சுக்குத்தான். வீட்டு வாசலில் நின்று கையைக் காட்டினால் பஸ் நிற்கும். அந்தப் பழக்கதோசத்தில் நான் ரயிலுக்கும் கையைக் காட்டினேன். அது வேகம் குறைக்காததைக் கண்டு இரண்டு கையையும் காட்டினேன். என் சேலைத் தலைப்பு ஒரு பக்கம், சாப்பாட்டுப் பை ஒரு பக்கம் பறக்க, ரயில் என் மூக்குக்கு முன்னால் தடதடவென்று போய்க்கொண்டே இருந்தது. பச்சைக்கொடியோடு நின்ற நிலைய ஊழியர் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டார்.

"தங்கச்சி, இது இஞ்சை நிக்கிற ரயில் இல்லை. அடுத்தது பத்தரைக்கு."

போட்டி ஒன்பது மணிக்கு. பிள்ளையின் கடைசி முயற்சியை நானே குழப்பிவிட்டேனே என்று கண் கலங்கித் திரும்பினால், அவள் மணிக்கூட்டைப் பார்த்தபடி வாயைப் பிளந்து நிற்கிறாள்.

"பத்து செக்கன், சித்தி! இஞ்சின் உங்களைத் தாண்டினாப் பிறகும் பெட்டி பெட்டியா வந்துகொண்டே இருந்தது. நீங்க ஒரு கம்பம். கம்பத்துக்கே பத்து செக்கனெண்டா, பாலத்துக்கு அந்தப் பத்தும் கூடுமெல்லோ!"

கல்விக்காகக் கம்பமாக நிற்கவும் நான் தயார். ஆனால் நேரம் 6.55.

ஏ9 வீதிக்கு ஓடினோம். 7.20க்கு பஸ் வந்தது. கிளிநொச்சிக்கு 30 கிலோமீற்றர், 120 ரூபாய். சாரதி கை காட்டிய ஒவ்வொருவருக்கும் நிறுத்தினார். அன்றைக்கு மட்டும் எனக்கு அந்தப் பழக்கம் பிடிக்கவில்லை. 8.40க்கு இறங்கி ஓட்டோ பிடித்தோம்.

"அண்ணை, கெதியாப் போங்கோ. ஒன்பதுக்கு சோதினை."

"நேரத்தோடை வெளிக்கிட்டிருக்கலாமே?"

"நாலே முக்காலுக்கு வெளிக்கிட்டனாங்கள். முல்லைத்தீவாலை."

அவர் கண்ணாடியால் என்னைப் பார்த்தார். "பரந்தன் பாதையாலை இஞ்சைக்கு நேரா பஸ் இருக்கே, தங்கச்சி?"

"தெரியும். பிள்ளைக்கு ரயில் காட்ட வந்தனான்."

"காட்டினியளோ?"

"வடிவாக் காட்டினனான்."

8.52க்குப் பாடசாலை வாசல். ஓட்டோவுக்கு 250. நீங்கள் போவதானால் தயவுசெய்து பரந்தன் பாதையால் போங்கள். நேர அட்டவணையை முதல் நாள் நிலையத்துக்கே அழைத்துக் கேளுங்கள். அதிபரின் கடிதம், இரண்டு பேனை, அழிறப்பர், கைமணிக்கூடு, தண்ணீர் போதும். கணிப்பானை உள்ளே விடமாட்டார்கள்.

ஒன்றரை மணி நேரம் வேம்புக்குக் கீழே மற்றப் பெற்றோரோடு இருந்தேன். எல்லோர் கதையும் ஒன்றுதான், எப்படிப் படிப்பித்தீர்கள் என்று. நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். மூன்று மாதம் ஒவ்வொரு பின்னேரமும் பழைய வினாத்தாளிலிருந்து ஐந்தே ஐந்து கணக்கு. கிழமைக்கு ஒருநாள் மணிக்கூட்டை வைத்து முழுத்தாள். பிழைத்த கணக்கை மூன்று நாள் கழித்து, விடையைப் பாராமல் திரும்பச் செய்ய வேண்டும். மூன்று நிமிடத்தில் வழி தெரியாவிட்டால் விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகப் பழக்க வேண்டும். எதுவும் ஏறாவிட்டால் பொருளைக் கையில் கொடுத்துப் பாருங்கள். ரயிலை மட்டும் விசாரித்துவிட்டுக் காட்டுங்கள். போட்டியன்று காலையில் புதிதாக ஒன்றும் சொல்லிக் கொடுக்காதீர்கள். பிள்ளைக்கு ஏறாது, உங்களுக்குத்தான் இரத்த அழுத்தம் ஏறும்.

ரயில் கணக்கு வந்தது. சரியாகச் செய்தாள். ஒரு மணிக்கு முடிவை ஒட்டினார்கள். மாகாணப் போட்டிக்கு மூன்று பேர்தான் தெரிவு. அனிற்றா நான்காவது.

அவள் வினாத்தாளைக் கையில் சுருட்டி வைத்திருந்தாள். இப்போது கிழிப்பாள் என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணவில்லை. முதலாவதாக வந்த பிள்ளையின் பக்கத்தில், வேம்புக்குக் கீழிருந்த மர வாங்கில் குந்தியிருந்தாள். மூன்று இருபதுக்கு மணிக்கூட்டு முட்களுக்கு இடையில் கோணம் எவ்வளவு என்று அவர்களுக்குள் சண்டை. இவள் முப்பது பாகை என்று எழுதியிருக்கிறாள். அந்தப் பிள்ளை தன் கைமணிக்கூட்டைக் கழற்றி, முள்ளைத் திருகித் திருகி, சின்ன முள்ளும் பத்துப் பாகை நகர்ந்துவிடும், விடை இருபது என்று காட்டியது.

முல்லைத்தீவுக்கு 1.30 பஸ் போனது. நான் கூப்பிடவில்லை. 2.15 பஸ்ஸும் போனது. இரண்டு தலையும் நிமிரவில்லை.

2.40க்கு வந்தாள். வினாத்தாள் நான்காக மடித்துச் சட்டைப் பையில் இருந்தது.

"சித்தி, அடுத்த வருசம் தரம் ஒன்பதுக்கு வட்டமும் வருமாம். என்ரை கவராயம் இறுகுதில்லை. புதுசு ஒண்டு வேணும்."

மூன்று மணி பஸ் தரிப்பிடத்துக்கு வந்துகொண்டிருந்தது. அதையும் விட்டுவிட்டு நாங்கள் புத்தகக் கடை தேடிப் போனோம்.