‘போடினேன்’ எங்கிருந்து வந்தது?

உதிரிபாகக் கிடங்கின் வாசலில் உட்கார்ந்து, வெளியே போகிற ஒவ்வொரு பையையும் திறந்து பார்ப்பது அவருடைய வேலை. சாப்பாட்டு டப்பாவைத் தட்டிப் பார்ப்பார், மடக்கிய குடையை விரித்துப் பார்ப்பார். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்குச் ‘சல்லடை’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

மகளுக்கு இரண்டே முக்கால் வயது. மனைவி மருந்துக்கடையில் வேலை பார்த்ததால், பகலில் குழந்தையைப் பக்கத்துத் தெருவில் ஓர் அக்கா பார்த்துக்கொண்டார். அந்த அக்காவின் மாடி வீட்டில் மொத்தம் ஐந்து பிள்ளைகள்.

ஒரு சாயங்காலம் செருப்பைக் காணோமென்று தேடியவரிடம் மகள் சொன்னாள்: “கட்டிலுக்குக் கீழ போடினேன்.”

அவருக்குச் சுருக்கென்றது. சாப்பிட்டு முடித்ததும் இன்னொன்று வந்தது: “நான் சாப்பிடினேன்!”

“நம்ம வீட்ல யாரு இப்படிப் பேசறா?” என்று மனைவியிடம் கேட்டார்.

“குழந்தைதானே, விடுங்க.”

“தெரியாம சொன்னா பரவால்ல. போன மாசம் ‘போட்டேன்’னு அழகா சொன்னா. சரியா இருந்தது தப்பாச்சுன்னா, யாரோ மாத்தியிருக்காங்க.”

தமிழ் சரியாக வராத யாரிடமோ பிள்ளைகளை விட்டுவிட்டு அக்கா வெளியே போகிறாள் என்று முடிவு கட்டினார். அப்புறம் பார்த்ததெல்லாம் அதற்கே ஒத்துப்போனது. பட்டப்பகலில் கதவு ஏன் தாழ்ப்பாள் போட்டிருக்கிறது? வாசலில் கிடந்த பச்சைச் செருப்பு யாருடையது?

வியாழக்கிழமை மதியம் கிடங்கில் அனுமதி கேட்டு வந்து, அக்கா வீட்டு ஜன்னலடியில் படிக்கட்டில் பதுங்கினார். “துணிய இப்பதான் காயப் போட்டேன், யாரும் இழுக்காதீங்க” என்று உள்ளே அக்காவின் குரல் கேட்டது. பிசகே இல்லை. நாம் நிற்பது தெரிந்து ஜாக்கிரதையாகப் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். மறுநாளும் வந்தார். சட்டென்று கதவு திறந்தது.

“என்ன தம்பி, ஜன்னலுக்குக் கீழ என்னத்த தேடறீங்க?”

“நீங்க வெளிய போறப்ப பிள்ளைங்கள யாரு பாத்துக்கறது?”

“நான் எங்க போறேன்?”

“அப்ப ‘போடினேன்’ எங்கிருந்து வந்துச்சு?”

தன் மகனைக் கூட்டிப்போக வந்த ஒரு தாய் படியேறிக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டாள். மறுநாளிலிருந்து அவள் மகனை அனுப்பவில்லை.

அக்கா சத்தம் போடவில்லை. “பன்னெண்டு வருஷமா பிள்ளைங்கள பாத்துக்கறேன். ஒட்டுக்கேட்டது நீங்க ஒருத்தர்தான். இனிமே உங்க பொண்ண நீங்களே பாத்துக்கங்க” என்று குழந்தையின் பையைக் கையில் கொடுத்துவிட்டார்.

“நீங்க இழுத்த வம்பு. லீவு நீங்களே போடுங்க” என்றாள் மனைவி.

நான்கு நாள் லீவு போட்டார். டிவியை அணைத்தார். பக்கத்து வீட்டாரை வாசலோடு பேசி அனுப்பினார். குழந்தையிடம் செய்தி வாசிப்பவர் போல ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்திப் பேசினார். மூன்றாம் நாள் காலை சமையலறையிலிருந்து குரல் வந்தது.

“அப்பா! பந்த உருட்டி விடினேன்!”

‘விடினேன்’. அதுவரை அவர் கேட்டிராத சொல். வீட்டிலிருந்தது இரண்டே பேர். சந்தேகப்பட ஆளே மிச்சமில்லை.

“யாரு பாப்பா சொல்லிக் குடுத்தது?”

“பாப்பா.”

அவர் தரையில் உட்கார்ந்தார். “சரி, நேத்து பாப்பா என்ன பண்ணினா? ஓடு...”

“ஓடினேன்.”

“ஆடு?”

“ஆடினேன்.”

“மூடு?”

“மூடினேன்.”

“போடு?”

“போடினேன்!”

இதில் எதைத் தப்பென்பது? முன்பு ‘போட்டேன்’ என்றது காதில் விழுந்ததை அப்படியே சொன்னது. இப்போது அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்து, எல்லாச் சொல்லையும் அதிலேயே ஓட்டிக்கொண்டிருக்கிறாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

“இல்லடா, ‘போட்டேன்’.”

மகள் கண்ணைச் சுருக்கி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “இல்ல. போடினேன்.”

அன்று மாலையே அக்காவிடம் போய் நடந்ததைச் சொன்னார். அக்கா துணி மடிப்பதை நிறுத்தவில்லை. “என்கிட்ட சொல்லி என்ன? அந்தம்மாகிட்ட போய்ச் சொல்லுங்க.”

போனார். அந்தத் தாய் கதவைப் பாதிதான் திறந்தாள். “அக்கா சொல்லி அனுப்பினாங்களா?” என்றாள். ஓடினேன், ஆடினேன் என்று அவர் விளக்க விளக்க அவளுடைய சந்தேகம்தான் கூடியது. சந்தேகப்படுகிறவரின் முன்னால் நிற்பது எப்படியிருக்கும் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. இரண்டாம் முறை மகளையே கூட்டிப்போய்ப் பேச வைத்த பிறகு அந்தத் தாய் சிரித்துவிட்டாள். “எங்க வீட்லயும் இப்படித்தான் ஒண்ணு ‘கேளினேன்’ங்குது” என்றாள். அடுத்த திங்கட்கிழமை அவள் மகன் திரும்பி வந்தான்.

அக்கா இவர் மகளையும் சேர்த்துக்கொண்டார், ஆனால் விட வருவதும் கூட்டிப்போக வருவதும் மனைவியாக இருக்க வேண்டும் என்ற கண்டிப்போடு. ஐந்தாறு மாதத்தில் ‘போட்டேன்’ தானாகத் திரும்பி வந்தது. அதையும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அக்கா மட்டும் இன்றுவரை, தெருவில் எதிர்ப்பட்டால், அவரைத் தாண்டி மனைவியிடம்தான் பேசுகிறார்.