சக்கரத்தில் வைத்த சந்தனம்

மூன்று வருடங்களுக்கு முன், கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்திருந்தேன். இன்டர்நெட் கேபிளுக்குள் போகும் கண்ணாடி இழையைச் சுருளில் சுற்றித் தரும் இடம். மயிலாப்பூரிலிருந்து தினமும் பஸ். வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம்தான் பாக்கி.

இழை தலைமுடி அளவுதான் இருக்கும். சின்னச் சின்னச் சக்கரங்கள் வழியாக ஓடி வந்து, கண்மண் தெரியாத வேகத்தில் சுருளில் ஏறும். நடுவில் அறுந்தால், அறுந்த நுனி சாட்டை மாதிரி சுழன்று, ஏற்கெனவே சுற்றிய இழையை அடித்துக் கீறிவிடும். மொத்தச் சுருளும் வீண். அதைத் தடுக்கத்தான் சுருளை ஒட்டி ஒரு தடுப்புத் தகடு உண்டு.

அந்த ஆயுத பூஜைக்கு என் மெஷினை நானே அலங்கரித்தேன். எனக்குத்தான் எதையும் அரைகுறையாகச் செய்யப் பிடிக்காதே. தகட்டைத் தூக்கிவிட்டு அதில் சாமந்திச் சரம், ஒவ்வொரு சக்கரத்துக்கும் சந்தனம், குங்குமம். எல்லாரும் பாராட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

விடுமுறை முடிந்து காலையில் போனால், பக்கத்து மெஷின்காரர் என் சந்தனத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறார். சிந்தாதிரிப்பேட்டைக்காரர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். சரத்தையும் அவிழ்த்து, தகட்டை இறக்கிவிட்டிருந்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"நான் ஆசையா வெச்ச பொட்டை நீங்க எதுக்கு அழிக்கறேள்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். அவர் துணியை மடித்துக்கொண்டு தன் மெஷினுக்குப் போய்விட்டார். கடைசிச் சக்கரம் மட்டும் துடைக்காமல் நின்றது.

அதே கோபத்தில் மெஷினை ஓட்டினேன். சுருள் முக்கால்வாசி நிறைந்தபோது இழை அறுந்தது. நுனி தகட்டில் படபடவென்று அடித்தது. நிறுத்திப் பார்த்தால், கடைசிச் சக்கரத்தின் பள்ளத்தில் என் சந்தனம் காய்ந்து மணல்போலக் கிடந்தது. அதுதான் இழையைக் கீறியிருக்கிறது. சுற்றிய வரை சோதித்தார்கள். ஒரு பழுதும் இல்லை. குறைந்த நீளச் சுருளாக அனுப்பிவிட முடிந்தது. தகடு இறங்கியிருக்காவிட்டால் சுருளோடு என் வேலையும் போயிருக்கும்.

மதியம் அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். முன்னாடியே சொல்லியிருக்கலாமே என்றும் கேட்டேன்.

"பூஜை அன்னிக்கே பாத்தேன் மேடம். நான் சொன்னா தப்பா எடுத்துக்குவீங்களோன்னு கம்முனு இருந்துட்டேன். ஆனா மன்சு கேக்கல. நீங்க வர்றதுக்குள்ள தொடச்சிட்லாம்னு சீக்கிரம் வந்தேன்" என்றார்.

மேனேஜரிடம் நடந்ததை நானே சொன்னேன். திட்டினார், ஆனால் வேலை நிலைத்தது. என் மனம் நோகக் கூடாதென்று பயந்த மனிதரைத்தான் அன்று எல்லார் முன்னாலும் நோகடித்தேன் என்பது இன்றும் உறுத்துகிறது. நமக்கென்ன என்று அவர் இருந்துவிடாததால்தான் இன்றும் நான் அந்த மெஷின் முன்னால் நிற்கிறேன்.