இரண்டு மணிக்குத் திரும்பி வந்த விளம்பரம்

1

"இந்திரா, நீ உடனே கிள்ளானுக்கு வரணும். சென்டர் லேப்டாப்ப நல்லா நோண்டிப் பாக்கணும். லாரன்ஸ் சார் அதுல என்னென்ன பாத்தாருன்னு எனக்கு லிஸ்ட்டா வேணும்."

போனில் பேசியவர் புஷ்பவதி டீச்சர். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கிள்ளானில் ஒரு கடைவீட்டு மாடியில் டியூஷன் சென்டர் நடத்துகிறார். அவருடைய கணினிகள் எல்லாம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை செய்யும் கடையில் வாங்கியவை. இருபத்திரண்டு வருடங்களாக அங்கே சர்வீஸ் பகுதி என் பொறுப்பு. தொடக்கத்தில் ஹார்ட் டிஸ்க் போனது, ஃபேன் ஓடவில்லை என்று வருவார்கள். இப்போது வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இயந்திரத்தில் ஒரு கோளாறும் இருக்காது. ஒன்றைத் தேடினால் வேறொரு பக்கம் திறக்கும், திரையின் மூலையில் கேட்காத விளம்பரம் வந்து நிற்கும். அதைத்தான் சரிசெய்யச் சொல்வார்கள்.

டீச்சர் குரலில் அன்று இருந்தது வேறு மாதிரியான கோபம். என்ன நடந்தது என்று கேட்டேன்.

முந்தைய சனிக்கிழமை காலை பெற்றோர் சந்திப்பு. கணக்கு சொல்லித்தரும் லாரன்ஸ் சார், ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வின் பழைய கேள்வித்தாளைக் காட்டுவதற்காக லேப்டாப்பை புரொஜெக்டரில் இணைத்திருக்கிறார். தேடும் கட்டத்தில் எழுதி என்டர் தட்டியதும் கேள்வித்தாள் வரவில்லை. சுவர் அளவுக்கு அரைகுறை உடையில் பெண்கள் படம் வந்தது. கீழே, 'உங்கள் பக்கத்து வீட்டில் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்' என்று ஆங்கிலத்தில் எழுத்து. மூடினால் இன்னொன்று திறந்திருக்கிறது. கடைசியில் சார் ஓடிப்போய் புரொஜெக்டர் வயரைப் பிடுங்கியிருக்கிறார். முப்பது பெற்றோர், அவர்களோடு வந்த பிள்ளைகள், எல்லாரும் பார்த்துவிட்டார்கள்.

"அந்த லேப்டாப்ப கிளாஸ்ல அவரு ஒருத்தர்தான் பாவிக்கிறாரு. பழக்கம் இல்லாம இப்படி வருமா? பேரன்ட்ஸ் குரூப்ல கிழிச்சுக்கிட்டு இருக்காங்க. அவர வரவேணாம்னு சொல்லிட்டேன். நீ எவிடென்ஸ் மட்டும் எடுத்துக் கொடு," என்றார் டீச்சர்.

கே.எல். சென்ட்ரலில் கிள்ளான் போகும் கொமுட்டர் ரயில் ஏறினேன்.

2

மாடிப்படியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும், இஸ்திரி போட்ட சட்டை. என் கையிலிருந்த டூல் பையைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"நீங்கதான் கம்ப்யூட்டர் அக்காவா? நான் லாரன்ஸ். உள்ள வரக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. நான் ஒண்ணும் கேக்க வரல. ஒண்ணே ஒண்ணு. என்ன இருக்கோ அத அப்படியே எழுதுங்க. கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம்."

சர்ச்சில் பதினோரு வருடமாக சண்டே ஸ்கூல் எடுக்கிறவர் என்றும், செய்தி அங்கேயும் போய், பாஸ்டர் அவரைக் கொஞ்ச நாள் ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார் என்றும் அவரே சொன்னார். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. படி ஓரத்துக் கம்பியைப் பார்த்தபடி சொன்னார்.

லேப்டாப்பைத் திறந்து பிரௌசரின் ஹிஸ்டரியைப் பார்த்தேன். சனிக்கிழமை காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு அவர் தேடியது கேள்வித்தாளைத்தான். அதற்கு அடுத்த வரிகளில், அதே நிமிடத்துக்குள், வாயில் நுழையாத பெயருள்ள மூன்று முகவரிகள். மூன்றாவதுதான் அந்தப் படம். மனிதக் கை அவ்வளவு வேகமாகத் தட்ட முடியாது. தேடலை நடுவில் பிடித்து ஏதோ ஒன்று திருப்பி விட்டிருக்கிறது. ரீடைரக்ட் என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

எக்ஸ்டென்ஷன் பட்டியலில் அது இருந்தது. பிரௌசரோடு ஒட்டிக்கொள்ளும் சின்னச் சின்னக் கூடுதல் மென்பொருள்களைத்தான் எக்ஸ்டென்ஷன் என்கிறோம். நாலு பயனுள்ளவற்றுக்கு நடுவே 'வீடியோ ஹெல்ப்பர்' என்று ஒன்று. எல்லா இணையப் பக்கங்களையும் படிக்கவும் மாற்றவும் அனுமதி வாங்கி வைத்திருந்தது. நீக்கினேன். தேடிப் பார்த்தேன், கேள்வித்தாள் ஒழுங்காக வந்தது. கெடுதல் செய்யும் மென்பொருள் ஏதும் இருக்கிறதா என்று மால்வேர் ஸ்கேன் போட்டேன், ஒன்றும் அகப்படவில்லை.

டீச்சரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"சரி, அன்னைக்கு அவரு தொறக்கல. ஆனா இந்த எக்ஸ்டென்ஷன யார் போட்டா? அதுக்கு முந்தி எங்கயோ போயி வாங்கிக்கிட்டு வந்திருப்பாரு லா."

எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் மாலை மறுபடியும் போன். "இந்திரா, அது திரும்ப வந்துருச்சு. நீ சரியா பாக்கலியா?"

உண்மையில் நான் சரியாகப் பார்க்கவில்லைதான். அது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

3

மூன்றாம் நாள் மதியமே போய்விட்டேன். டீச்சர் சாவியைக் கொடுத்துவிட்டு ஒரு மணிக்குச் சாப்பிட வீட்டுக்குப் போனார். வகுப்புகள் நாலு மணிக்குத்தான். கீழே கதவைப் பூட்டிக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன். எக்ஸ்டென்ஷனை நீக்கினேன். பட்டியல் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, எதையும் தொடாமல், கட்டிக்கொண்டு வந்த மீ கோரேங் நூடுல்ஸைச் சாப்பிட்டபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணி ஏழு நிமிடத்துக்கு அது தானாக வந்தது. நாலு பெட்டிகள் இருந்த இடத்தில் ஐந்தாவது பெட்டி. அந்த மாடியில் என்னைத் தவிர யாரும் இல்லை, என் கையில் முள்கரண்டி இருந்தது.

மறுபடி பிரௌசரின் மேல் மூலையைப் பார்த்தேன். சின்ன வட்டத்துக்குள் ஆங்கில 'பி' எழுத்து. முதல் நாளே கண்ணில் பட்டதுதான். சென்டரின் பெயராக இருக்கும் என்று விட்டுவிட்டேன். இப்போது அழுத்திப் பார்த்தால் புஷ்பவதி டீச்சரின் சொந்த அக்கவுண்ட். லேப்டாப் வாங்கிய அன்று ஏதோ பிரிண்ட் எடுக்க அதற்குள் லாகின் செய்தவர் லாக்அவுட் செய்யவே இல்லை. சிங்க் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே அக்கவுண்டில் இருக்கும் கணினிகள் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளும். ஒன்றில் போட்ட எக்ஸ்டென்ஷன் இன்னொன்றிலும் வந்து உட்காரும்.

டீச்சருக்குப் போன் போட்டேன்.

"டீச்சர், இப்ப என்ன பண்ணிக்கிட்டு இருக்கீங்க?"

"சாப்ட்டுட்டு நாடகம் பாக்குறேன். ஏன்?"

"டீவியிலயா, கம்ப்யூட்டர்லயா?"

"கம்ப்யூட்டர்லதான். ஃப்ரீயா போடுறான் லா. டெய்லி ரெண்டு மணிக்கு உக்காருவேன்."

"அத அணைக்காதீங்க. அப்படியே வெச்சிருங்க. என்னை வந்து கூட்டிக்கிட்டுப் போங்க."

4

டீச்சர் வீட்டில் அவர் மட்டும்தான். மகன் வெளிநாட்டில். கணவர் இறந்த பிறகு மதிய நேரத்தில் வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது, அதனால்தான் நாடகம் பார்க்க ஆரம்பித்தேன் என்று காரில் வரும்போதே சொன்னார். எதற்காக வருகிறேன் என்பதை அவர் பாதி ஊகித்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

கணினித் திரையில் நாடகம் நின்றிருந்தது. வலது மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக நோட்டிஃபிகேஷன். உங்கள் கணினியில் ஐந்து வைரஸ், உங்களுக்கு ஒரு போன் பரிசு, ஒரு பெண் உங்களுக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறாள்.

"அது எப்பவும் வரும். நான் மூடிட்டு மூடிட்டுப் பாப்பேன்."

"எப்ப இருந்து டீச்சர்?"

"ஒரு நாள் ரோபோ இல்லன்னா அலோ அமுக்குன்னு கேட்டான். நான் ரோபோ இல்லியே, அமுக்கினேன். அப்புறம் படம் தெரியலன்னா பிளேயர் போடுன்னான். போட்டேன்."

எல்லாம் அந்த இரண்டு அழுத்தலில் இருந்தது. 'அலோ' என்றால் அனுமதி கொடு; அதை அழுத்தியதால் நோட்டிஃபிகேஷன் அனுப்ப வழி கிடைத்தது. ஒரு தளத்திலிருந்து இன்னொன்று என்று, அனுமதிப் பட்டியலில் நாற்பதுக்கு மேல் சேர்ந்திருந்தன. 'பிளேயர்' என்று இறக்கியது, விளம்பரங்களைத் திணிக்கும் ஆட்வேர். கணினியைத் திறக்கும்போதெல்லாம் எக்ஸ்டென்ஷன் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் மறுபடி போட்டுவிடும். நான் சென்டரில் நீக்கியது இங்கேயும் நீங்கியது. இங்கே இரண்டு மணிக்குக் கணினியைத் திறந்ததும் அது மறுபடி பிறந்து, சிங்க் வழியாக சென்டருக்குப் போனது.

முதலில் சிங்கை நிறுத்தினேன். கன்ட்ரோல் பேனலில் பிளேயரை அன்இன்ஸ்டால் செய்தேன். தானாக ஓடுவதற்காக அது கணினியின் ஷெட்யூலரில் வைத்திருந்த கட்டளையைத் தேடி அழித்தேன். பிறகு எக்ஸ்டென்ஷன், நோட்டிஃபிகேஷன் அனுமதிகள், தேடுபொறி அமைப்பு. கடைசியில் ஸ்கேன், ரீஸ்டார்ட், மறுபடி ஸ்கேன். வேர் இருக்கும் இடத்தை முதலில் பிடித்தால்தான் கிளையை வெட்டுவதில் பலன் உண்டு.

டீச்சர் பின்னாலேயே நின்றிருந்தார். வேலை முடிந்ததும் மெதுவாகக் கேட்டார்.

"இந்திரா, ரிப்போர்ட்ல வைரஸ்னு மட்டும் எழுதிரு லா. யாரோட கம்ப்யூட்டர்னு வேணாம். நான் நாப்பது வருஷம் டீச்சரா இருந்தவ."

எனக்கு அவர் பழைய வாடிக்கையாளர். கடைக்கு எத்தனையோ பேரை அனுப்பியவர். அவர் அப்படிக் கேட்டதும் எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

"டீச்சர், வைரஸ்னு மட்டும் எழுதினா, லாரன்ஸ் சார் கொண்டு வந்த வைரஸ்னுதான் பேசுவாங்க. அவரு பேரு எல்லார் வாயிலயும் போயிருச்சு. அவரு சர்ச்ல பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்குறதையும் நிறுத்திட்டாங்க. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது போலும். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நாடகத்தப் பத்தி நான் எழுத மாட்டேன். அது உங்க சொந்த விஷயம். ஆனா எந்த அக்கவுண்ட், எந்தக் கம்ப்யூட்டர், எத்தனை மணி, அத எழுதாம நான் கையெழுத்துப் போட முடியாது."

பிறகு எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

"எழுது. என் பேரோடயே எழுது. சனிக்கிழமை நானே வாசிக்கிறேன்."

5

வாசித்தார். அதே மாடியில், அதே பெற்றோர் முன்னால், லாரன்ஸ் சாரைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு. என் ஒரு பக்க ரிப்போர்ட்டை ஒரு வரி விடாமல் வாசித்துவிட்டு, "தப்பு என் அக்கவுண்ட்ல. விசாரிக்காம அவரு மேல பழி போட்டதும் நான்தான். சார், என்னை மன்னிச்சிருங்க," என்றார். நாற்பது வருடம் டீச்சராக இருந்தவர் என்பது அந்தக் குரலில் தெரிந்தது.

குரூப்பில் அதிகமாகப் பேசியவர் டயர் கடை வைத்திருக்கும் ஒரு அப்பா. அவர் எழுந்து போய் சாரின் கையைப் பிடித்தார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. சார் தலையை மட்டும் அசைத்தார். பிறகு அந்த அண்ணன் நேராக என்னிடம் வந்து தன் போனை நீட்டினார்.

"தங்கச்சி, எனக்கும் இதே மாதிரிதான் வருது. பரிசு விழுந்துருச்சுங்குறான். வீட்டுல சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அவருக்குப் பின்னால் இன்னும் ஒன்பது பேர் போனோடு நின்றார்கள். அன்று மத்தியானம் வரை அதே வேலை. செட்டிங்ஸில் எங்கே போக வேண்டும் என்று காட்டிவிட்டு, அவரவர் விரலாலேயே அனுமதியை எடுக்க வைத்தேன்.

அடுத்த திங்கட்கிழமை லாரன்ஸ் சார் பிரிக்பீல்ட்ஸ் கடைக்கு வந்தார். ரிப்போர்ட்டின் நகலைப் பாஸ்டரிடம் கொடுத்தாராம்.

"பாஸ்டர் ரெண்டு வாட்டி படிச்சாரு, அக்கா. இதுல பாதி எனக்குப் புரியல, ஆனா மணி புரியுது, அது திரும்ப வந்தப்ப நீங்க அங்க இல்லியேன்னாரு. நேத்து சண்டே ஸ்கூல் எடுத்தேன்."

கடையில் அவருக்கு வாங்க ஒன்றுமில்லை. அதைச் சொல்வதற்காகவே வந்திருந்தார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கூப்பிடுகிறவர்கள் யார் செய்தது என்றுதான் கேட்பார்கள். நீங்கள் எப்போது வந்தது, எந்த வழியாக வந்தது என்று தேடுங்கள். அது தெரிந்தால் மற்றது தானே தெரியும். தெரியாதவரை தெரியவில்லை என்று சொல்லுங்கள். தெரிந்த பிறகு, யார் கேட்டாலும் ஒரு வரியைக்கூடக் குறைக்காதீர்கள். இத்தனை வருடங்களில் நூற்றுக்கணக்கான சர்வீஸ் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பெரும்பாலும் யாரும் படிக்காமல் டிராயருக்குள் போட்டுவிடுவார்கள். ஒன்றை மட்டும் ஒரு டியூஷன் சென்டரில் எழுந்து நின்று வாசித்தார்கள், ஒரு சர்ச்சில் இரண்டு முறை படித்தார்கள். அதன் அடியில் இருப்பது என் கையெழுத்து.