மடி இங்க இருக்கு

கீரமங்கலத்தில் காலை எட்டரை மணிப் பேருந்தைக் கோட்டை விட்டேன். பன்னிரண்டு ரூபாய் டீயைக் குடித்தபடி புலம்பிக்கொண்டிருந்த என்னை, வேதாரண்யத்து உப்பை ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் போகும் லாரியின் ஓட்டுநர் முருகேசன் கூப்பிட்டார். "இலுப்பூருதானே? ஏறுங்க சார், அங்கிட்டுத்தான் போறேன்."

அவருக்கு என்னைவிட அவசரம். அன்னவாசல் தாண்டி அய்யனார் கோயிலில் தங்கை மகளுக்குக் காதுகுத்து. பத்தரைக்குள் பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்தாக வேண்டும். போன வருடம் மூத்தவளுக்குக் குத்திய அன்று இவர் லோடோடு கரூரில் மாட்டிக்கொண்டார். ஒன்றுவிட்ட மாமன் மடியில் வைத்துக் குத்தினார்கள். அன்றிலிருந்து தங்கை செல்வி இவரோடு பேசுவதில்லை.

ஆலங்குடி, புதுக்கோட்டை எல்லாம் ஜோராகக் கடந்தோம். பத்து மணிக்கு அன்னவாசல். கோயிலுக்கு நாலே கிலோமீட்டர். அப்போது பார்த்து, ஓட்டும் நேரத்தைக் கணக்கிட முதலாளி ஸ்டியரிங் பக்கத்தில் மாட்டியிருந்த பெட்டி பெண்குரலில் பேசியது: "ஐந்து மணி நேரம் ஓட்டிவிட்டீர்கள். அரை மணி நேரம் ஓய்வெடுக்கவும்."

"வந்துட்டா மகராசி!" என்று தலையில் அடித்துக்கொண்டார் முருகேசன்.

"நாலு கிலோமீட்டர்தானே, ஓட்டிடுங்க" என்றேன்.

"ஏற்கெனவே ஒருவாட்டி மீறிட்டேன் சார். இன்னொருவாட்டின்னா சாவியக் குடுத்துட்டுப் போன்னுட்டாரு மொதலாளி. எறங்கியும் போக முடியாது. ஓய்வுன்னா கேபின்லயே இருக்கணுமாம், கேமரா வேற வச்சிருக்காரு."

லாரியைப் புளியமரத்தடியில் நிறுத்திவிட்டுத் தங்கை புருஷனுக்குப் போன் போட்டார். "மாப்ள, என்னால வர முடியாது. மடி இங்க இருக்கு. பிள்ளையத் தூக்கிக்கிட்டு இங்கிட்டு வாங்க!"

பத்தே நிமிடத்தில் குட்டியானை வண்டியில் குடும்பமே வந்து இறங்கியது. ஆசாரி என் இருக்கையைப் பிடித்துக்கொண்டார். நான் படியில் தொங்கியபடி தாம்பாளத்தைப் பிடித்தேன். செல்வி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே பிள்ளையை அண்ணன் மடியில் போட்டாள். ஊசியைக் கண்டதும் பிள்ளை உதைத்த உதையில் ஹாரன் அலறியது. மேளம் இல்லாத குறை தீர்ந்தது.

அந்த நேரம் முதலாளி போன். "யோவ் முருகேசா, கேமராவுல என்னய்யா கூட்டம்? ஓய்வெடுக்குறியா இல்லையா?"

"சீட்ட விட்டு அசையல மொதலாளி! மருமகளுக்குக் காதுகுத்து."

"பாப்பா மூஞ்சிய கேமராப் பக்கம் திருப்பு, பாப்போம்" என்றார் முதலாளி.

பத்தரைக்குப் பெட்டி, "ஓய்வு முடிந்தது, பயணத்தைத் தொடரலாம்" என்றது. செல்வி சாப்பாட்டுப் பொட்டலத்தை நீட்டினாள். "தூக்கம் வந்தா ஓரங்கட்டிருண்ணே" என்றாள். முருகேசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

இலுப்பூரில் நான் இறங்கியதும் அவர் என்ஜினை அணைத்துவிட்டு இருக்கையில் சாய்ந்தார்.

"பெட்டிதான் போகச் சொல்லிடுச்சே?" என்றேன்.

"அதுக்கென்ன தெரியும்? அந்த அரை மணி நேரத்துல பெண்டு கழண்டுருச்சு சார். தங்கச்சி ஒரு வருசம் கழிச்சு வாயத் தொறந்து சொல்லிருக்கு, கேக்க வேணாமா?"

நான் சாலையைக் கடப்பதற்குள் குறட்டைச் சத்தம் கேட்டது.