போணி நேரத்து ஸ்பிண்டில்

மில்லர்புரத்தில் மூன்று அறைகள் கொண்ட ஒரு விடுதி. கப்பல் சரக்கைச் சரிபார்க்க வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இரண்டு நாள், நான்கு நாள் தங்கிவிட்டுப் போவார்கள். படுக்கை விரிப்பதிலிருந்து மோட்டார் போடுவது வரை எல்லாம் ஜெபசெல்விதான். சாத்தான்குளத்துக்காரி, ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பன்னிரண்டு வருஷமாக இங்கேதான் வேலை. குடியிருப்பும் பின்பக்கத்துச் சிறிய அறையில்தான். வந்து தங்குகிறவர்களில் பாதிப் பேர் அவள் குரலைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

இரண்டாம் அறை ஷவர் எவ்வளவு இறுக்கி மூடினாலும் ஒழுகியது. விடிவதற்குள் மாடித் தொட்டி காலி. திங்கட்கிழமை பிளம்பர் பாண்டியராஜ் வந்து, குழாயின் கைப்பிடியைக் கழற்றி, உள்ளேயிருந்து தண்ணீரைத் திறந்து மூடும் விரல் நீளப் பித்தளைச் சாமானை எடுத்து அவள் கையில் வைத்தான்.

"ஸ்பிண்டில் போச்சுக்கா. கம்பெனிப் பேரு தேஞ்சிட்டு. இதே மாதிரி கெடச்சா மாட்டிரலாம். இல்லன்னா சுவத்த உடைக்கணும்."

அந்த அறைக்கு வரும் தண்ணீரை மாடி வால்வில் அடைத்துவிட்டுப் போய்விட்டான்.

விடுதிக்காரர் ஆறுமுகநயினார் ஏரலிலிருந்து போன் போட்டார்.

"வெள்ளிக்கெழம மத்தியானம் அந்த ரூம்ல தங்க ஆள் வருதுளா. சுவத்தயெல்லாம் உடைக்க முடியாது. அதுக்குள்ள சரியாகலன்னா ஏஜென்சியில சொல்லி ஒரு ஆம்பளையாளப் போட்டுருதேன். நீ ஊருக்குப் போயிரு. கடைக்காரன்ட்ட நின்னு பேச ஒனக்கு வராது."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. யோசித்து முடித்துவிட்ட குரலில் சொன்னார்.

கூட்டத்தில் நிற்கக் கூச்சப்பட்டு, செவ்வாய்க்கிழமை கடை திறக்கும் நேரத்துக்கே ஜெயகணேஷின் ஹார்டுவேர் கடைக்குப் போனாள். அவன் வாசலில் தண்ணீர் தெளித்து, சாமி படத்துக்குப் பத்தி கொளுத்திக்கொண்டிருந்தான். அவள்தான் போணி. பழைய ஸ்பிண்டிலை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புதிது ஒன்றை எடுத்து வைத்தான். கொஞ்சம் நீளமோ என்று அவளுக்குப் பட்டது. ஆனால் அவள் அப்பாவும் பெட்டிக்கடை வைத்திருந்தவர். முதல் ஆள் வெறுங்கையோடு திரும்பிப் போனால் அன்று முழுக்க அவர் முகம் எப்படி இருக்கும் என்று பார்த்து வளர்ந்தவள். வாங்கிக்கொண்டு வந்தாள். மாட்டிப் பார்த்தால் கைப்பிடி சுவரை விட்டு வெளியே துருத்திக்கொண்டு நின்றது.

புதன்கிழமை வேறு கடை. அங்கேயும் அவள்தான் போணி, அங்கேயும் வாய் திறக்கவில்லை. அந்த ஸ்பிண்டிலின் தலையில் கைப்பிடி உட்காரவே இல்லை.

வியாழக்கிழமை வேண்டுமென்றே பதினொன்றரை மணிக்கு ஜெயகணேஷ் கடைக்குப் போனாள். பிளம்பர்களும் கொத்தனார்களும் ஒருவர் தோளுக்கு மேல் ஒருவர் கை நீட்டிக்கொண்டிருந்தார்கள். பெயிண்ட் வாளிகளுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்று பார்த்தாள். ஒருத்தர்கூடச் சட்டென்று வாங்கவில்லை. பழசையும் புதுசையும் மேலும் கீழும் ஒட்டிவைத்து நீளம் பார்த்தார்கள். தலையிலிருந்த பல்லை எண்ணினார்கள். திருகிப் பார்த்தார்கள். பிடிக்காவிட்டால் "வேற எடுலே" என்றார்கள். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

கூட்டம் சற்று விலகியதும் முன்னால் போனாள்.

"அண்ணாச்சி, இது சேரல."

"முந்தாநா வாங்குனதாக்கா? அப்பமே சொல்லியிருக்கலாம்லா?"

"போணி நேரத்துல எப்படிச் சொல்ல?"

பக்கத்தில் நின்ற பிளம்பர் சிரித்துவிட்டார். ஜெயகணேஷும் சிரித்தான்.

"வெறுங்கையோட போகக்கூடாதுன்னுதாங்க்கா சொல்லுவாவ. தப்பான சாமான வாங்கணும்னு எவன் சொன்னான்? ஒரு டேப்பு சுருள் வாங்கியிருந்தா போணி ஆயிருக்கும்லா!"

"இந்தக் காலத்துல இப்படி ஒரு கஸ்டமரு ஒனக்கு," என்றார் பிளம்பர். "விட்றாத."

ஜெயகணேஷ் ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கி அவள் முன்னால் வைத்தான். "கம்பெனி தெரியாதது பூராவும் இதுலதான் கெடக்கு. நீங்களே பாருங்க."

தரையில் பேப்பரை விரித்துக் கொட்டினாள். பழையதில் இருபது பல். இருபத்துநாலு பல் இருந்தவற்றை ஒதுக்கினாள். நீளமானவை போயின. மரை பருத்தவை போயின. கடைசியில் நான்கு மிஞ்சின. ஒன்றை எடுத்து ஜெயகணேஷ், "இதேதான்," என்றான். அவள் தலையைப் பிடித்துத் திருகினாள்.

"பழசு இடது பக்கம் திறக்கும் அண்ணாச்சி. இது வலது பக்கம்லா திறக்கு."

அவன் வாங்கித் திருகிப் பார்த்தான். "ஆமா. வெந்நீருக்கும் பச்சத்தண்ணிக்கும் ரெண்டு குழா இருந்தா, இது அந்தப் பக்கத்துக் குழாய்க்குள்ளது."

பிளம்பர் இப்போது சிரிக்கவில்லை. மிஞ்சியவற்றில் இடது பக்கம் திறப்பது ஒன்றே ஒன்று இருந்தது.

பாண்டியராஜ் துறைமுகத்தில் வேலையாக இருப்பதாகப் போனில் சொன்னான். அவன் கழற்றியதைப் பார்த்திருந்ததால் அவளே ஸ்பேனரால் முடுக்கி, கைப்பிடியை மாட்டி, மாடிக்குப் போய் வால்வைத் திறந்தாள். ஷவரின் நேர் கீழே ஒரு பழைய தினசரியை விரித்துவைத்துவிட்டுத் துணி துவைக்கப் போனாள். சாயங்காலம் பேப்பர் நனையாமல் கிடந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஆறுமுகநயினார் வந்தார். ஷவரைத் திறந்தார், மூடினார், கையைக் கீழே நீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"பாண்டியராஜ் எப்பம் வந்தான்?"

"வரல அண்ணாச்சி."

"பெறவு?"

"நான்தான் மாட்டுனேன்."

அவர் ஷவரை இன்னொரு முறை திறந்து மூடினார். பிறகு வெளியே வந்து போனை எடுத்து, "ஆள் வேண்டாம்டே. இங்கன இருக்கு," என்று யாரிடமோ சொன்னார்.

கிளம்பும்போது வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். "மூணாம் நம்பர்லயும் லேசா சொட்டுதாம்ளா. சாயங்காலத்துக்குள்ள சரிபண்ணிருவியா?"

"கழத்திப் பாக்காம சொல்ல முடியாது அண்ணாச்சி," என்றாள் ஜெபசெல்வி.