பிலோமினா படித்துக் காட்டிய வார்த்தைகள்

பிலோமினா இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் மஞ்சுநாத். காலை பதினோரு மணி இருக்கும். கடையில் ஒரு கல்யாணப் பத்திரிகையைக் கன்னடத்தில் ஒரு பக்கம், தமிழில் ஒரு பக்கம் என்று டைப் செய்துகொண்டிருந்தேன். போனை எடுத்ததும், "பிலோ மேடம் ஹோகிபிட்ரு, தனபால்" என்றார். போய்விட்டார் என்று அர்த்தம். எங்கே போனார் என்று நான் கேட்டேன். லீவு போட்டுவிட்டு வேளாங்கண்ணி போகப் போவதாகப் பிலோமினா ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், அதுதான் என் மனதில் இருந்தது. மஞ்சுநாத் அழுகிற சத்தம் கேட்டபிறகுதான் எனக்குப் புரிந்தது. பிலோமினா, தான் வேலை செய்யும் கோர்ட்டில், தன் நாற்காலியில், முதல் கேஸைக் கூப்பிடுவதற்கு முன்பே சாய்ந்திருக்கிறார். வயது ஐம்பத்தெட்டு.

மதியம் எங்கள் பேட்டையின் முகநூல் குழுவில் அவர் படத்தைப் போட்டோம். நீங்கள் எல்லாரும் வந்து எழுதினீர்கள். அதற்கு நடுவில் ஒருவர் எழுதினார்: "ஒரு அரிசி மூட்டை குறைஞ்சது." அரிசிக்காக மதம் மாறியவர்கள் என்று கிறிஸ்தவர்களைக் குத்துவதற்கு இணையத்தில் புழங்குகிற வசவு அது. அதை நீக்கச் சொல்லி உங்களில் பலர் எனக்கு எழுதினீர்கள். சிலர் என்னைத் திட்டியும் எழுதினீர்கள். குழுவையே இழுத்து மூடிவிடலாம் என்றும் சிலர் சொன்னீர்கள். நான் நீக்கவில்லை. பிலோமினாவைத் தெரிந்தவர்களுக்கு நான் காரணம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

உயிரோடு இருந்தபோது அவரிடம் நீ, வா, போ என்றுதான் பேசினேன். எழுத உட்கார்ந்தால் 'அவர்' என்று வருகிறது. படித்திருந்தால் என்னை ஒரு வாரம் கிண்டல் செய்திருப்பார்.

குழு தொடங்கியது தண்ணீருக்காகவும் குப்பைக்காகவும்தான். எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் வரும், குப்பை வண்டி ஏன் வரவில்லை, இந்தப் பூனை யாருடையது. தமிழ், கன்னடம், உருது எல்லாம் கலந்து, பாதி இங்கிலீஷ் எழுத்தில் ஓடும். மூன்று தலைமுறையாக லிங்கராஜபுரத்தில் இருக்கும் பிலோமினா, ஆம்பூரிலிருந்து வந்து இங்கே டி.டி.பி. கடை வைத்த நான், ஆட்டோ உதிரிபாகம் விற்கும் மஞ்சுநாத், மூவரும் அட்மின்கள்.

ஒரு கோடையில் காவிரி விவகாரம் சூடானபோது, ஒருவர் கன்னடத்தில் எழுதினார். கொங்காக்களுக்குத் தண்ணீரை நிறுத்தினால் தானாக ஊரைக் காலி செய்வார்கள் என்று. கொங்கா என்பது இந்த ஊரில் தமிழர்களைக் கேவலப்படுத்தும் சொல். கால் மணி நேரத்தில் நம் ஆட்கள் அந்த மனிதரின் அம்மா வரைக்கும் போய்விட்டார்கள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஆளையும் தூக்கிவிடலாம் என்று நானும் மஞ்சுநாத்தும் சொன்னோம். பிலோமினா கேட்கவில்லை. மேற்கொண்டு யாரும் எழுத முடியாதபடி நிறுத்திவிட்டு, அந்த மனிதருக்குப் போன் போட்டார். குழுவில் சேரும்போதே எல்லாரிடமும் நம்பர் வாங்கி வைத்திருந்தார். "நீங்க எழுதினதைப் படிக்கிறேன், கேளுங்க சார்" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு, ஏற்றம் இறக்கம் இல்லாத குரலில் ஒரு எழுத்துக்கூட விடாமல் படித்தார். முடித்ததும், "சரினா சார்?" என்றார்.

அது அவருடைய வேலையிலிருந்து வந்த பழக்கம். கோர்ட்டில் சாட்சி சொல்வதை டைப் செய்வது அவர் உத்தியோகம். சொல்லி முடித்ததும் அதைச் சாட்சிக்குப் படித்துக் காட்ட வேண்டும். சரி என்று அவர் ஒப்புக்கொண்டால்தான் அது சாட்சியம். 'படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொண்டார்' என்று கடைசியில் ஒரு வரி வரும். முப்பது வருஷமாக அந்த வரியை அடித்த கை அவருடையது.

கன்னடக்காரர் திணறினார். கோபத்தில் எழுதிவிட்டேன் என்றார். "கோபமான்னு கேக்கல சார், சரியான்னு கேட்டேன்" என்று அவர் மொழியிலேயே சொன்னார் பிலோமினா. அந்த மனிதர் தானே அதை எடுத்துவிட்டு, எழுதியது தவறு என்று ஒரு வரி போட்டார். அதோடு முடிந்தது என்று நான் எழுந்தேன். "உக்காரு, இனிமேதான் இருக்கு" என்றார். அந்தக் கன்னடக்காரரின் அம்மாவைத் திட்டிய நம் தமிழ் ஆட்கள் ஏழு பேருக்கும் வரிசையாகப் போன் போட்டார். அந்த ஏழு பேரில் சிலர் இதைப் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

ஏன் அழிக்கக்கூடாது என்று அவரோடு எத்தனையோ முறை மல்லுக்கு நின்றிருக்கிறேன். "திட்டு வாங்கினவங்க படிச்சாச்சு, தனபால். இனிமே நீ அழிச்சா யாருக்கு நல்லது? திட்டினவனுக்கு. கைய கழுவிட்டுப் போயினே இருப்பான்" என்பார். எழுதியவனே எடுக்க வேண்டும், எடுத்தேன் என்று சொல்லவும் வேண்டும். எடுக்க மாட்டேன் என்றால் அவன் பெயரையும் வார்த்தையையும் அப்படியே எழுதி, கீழே அந்தக் கோர்ட்டு வரியைப் போடுவார். அதற்குப் பதில் எழுதுகிறவர்கள் கேள்வி கேட்கலாம், பட்டப்பேர் வைத்துத் திட்டக் கூடாது. மிரட்டல், வீட்டு விலாசம், பெண்களின் படம் இவை மூன்றை மட்டும் பார்த்த உடனே அழித்துவிட்டுப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவார். "அது பேச்சு இல்ல, கத்தி" என்பார்.

அவரையே ஒருமுறை அரிசி மூட்டை என்று ஒருவர் எழுதினார். அன்றைக்குப் போன் போடவில்லை. தனக்கு விழுந்தது என்பதால் எல்லார் முன்னாலும் பதில் எழுதினார். அவர் எழுதியதை நான் எடுத்து வைத்திருக்கிறேன். "எந்த அரிசி சார், சோனா மசூரியா, ரேஷனா? எங்க தாத்தா அரிசிக்குத்தான் சர்ச்சுக்குப் போனார்னே வெச்சிக்கலாம். பசிக்கிறவர் சோறு போட்டவங்ககிட்ட போனதுல எனக்கு வெக்கம் இல்ல. அவர் பசியோட நின்னப்ப உங்க தாத்தா எங்க இருந்தார்? அதை மட்டும் சொல்லுங்க." அதற்குப் பதில் சொல்ல மற்றவர்கள் வந்தார்கள். மதம் மாறுவதைப் பற்றி, சாதியைப் பற்றி, ஒரு வாரம் நல்ல சண்டை நடந்தது. மதமாற்றம் கூடாது என்று வாதாடியவர்களும் பிலோமினாவை மேடம் என்றுதான் எழுதினார்கள்.

எல்லாரும் படித்துக் காட்டினால் வெட்கப்படுவார்கள் என்று நினைக்காதீர்கள். தேர்தல் சமயத்தில் ஒரு உள்ளூர்க் கட்சிப் பிரமுகர், சிவாஜிநகர் பக்கத்திலிருந்து வருகிற முஸ்லிம்களுக்கு இங்கே யாரும் வீடு வாடகைக்கு விடாதீர்கள் என்று எழுதினார். கூடவே ஒரு கெட்ட வார்த்தை. பிலோமினா படித்துக் காட்டினார். பிரமுகர் அசரவே இல்லை. சரிதான், என் பேரோடு போடுங்கள் என்றார். பிலோமினா போட்டார். அப்புறம் அவர் கட்சிக்கு அதே ஜனங்களின் ஓட்டு தேவைப்பட்டது. தன் வார்த்தையை அவர் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார். பிலோமினா எழுதிய வரி மட்டும் நின்றது. பிரமுகர் இரண்டு ஆட்களோடு பிலோமினாவின் வீட்டுக்கே வந்தார். பிலோமினா எனக்கும் சொல்லி அனுப்பியிருந்தார். வந்தவர்களுக்குக் காபி கொடுத்தார்.

"அந்த ஒரு லைன் தெகெதுபிடி மேடம்" என்றார் பிரமுகர். எடுத்துவிடுங்கள் என்று.

"சாட்சி ஒப்புக்கினப்புறம் அடிச்சித் திருத்த எனக்கு அதிகாரம் இல்ல சார். தப்புன்னு கீழ நீங்களே ஒண்ணு எழுதுங்க. அதையும் படிச்சிக் காட்டறேன்."

காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். அடுத்த மாதம் பிலோமினாவின் மேலதிகாரிக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது. அரசாங்க ஊழியர் அரசியல் குழு நடத்துகிறார் என்று. மூன்று முறை விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த வருஷம் அவருக்குச் சர்க்கரை ஏறியது, தூக்கம் போனது. எதற்கு இந்த வம்பு, அழித்துத் தொலை என்று நான் கத்தினேன். "பயமாத்தான் இருக்குது. அதுக்குன்னு அழிக்கணுமா?" என்றார். வரி இன்னும் அங்கேதான் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

இனி என் கதை. என் கடைக்கு மேல் மாடியில் வடக்கிலிருந்து வந்த கட்டட வேலைக்காரர்கள் குடியிருந்தார்கள். படிக்கட்டில் குப்பை, எச்சில். ஒருநாள் ஆத்திரத்தில் குழுவில் எழுதினேன். வடக்கன் வந்தான், வாசற்படி நாறுது, இந்தப் பான்பராக் கூட்டத்தை ரயிலேற்றி அனுப்புங்கள் என்று. உங்களில் நிறையப் பேர் அதற்கு லைக் போட்டீர்கள். கொஞ்ச நேரத்தில் பிலோமினாவிடமிருந்து போன் வந்தது. மூன்று தெரு தள்ளி இருக்கிறவர், நேரில் வந்து திட்டியிருக்கலாம். போன்தான் போட்டார். முழுவதையும் படித்தார்.

"சரியா?"

"விளையாடாதே பிலோ. நான் அட்மின்."

"அட்மின்னா இன்னா? சரியா, இல்லையா?"

போனை வைத்துவிட்டேன். அரை மணி நேரத்தில் குழுவில் ஏறியது: 'தனபால், அட்மின். படித்துக் காட்டப்பட்டது. பதில் இல்லை.' நான்கு நாள் அது என் பெயரோடு நின்றது. நான்கு நாளும் அவரோடு பேசவில்லை. ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களெல்லாம் என்ன சார் ஆச்சு என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். மானம் போனது என்றுதான் சொல்ல வேண்டும். ஐந்தாம் நாள் நான் எழுதியதைத் திறந்து பார்த்தேன். அவர் குரலில்தான் அதைப் படிக்க முடிந்தது. இந்த ஊருக்கு வந்த புதிதில், வாடகைக்கு இருந்த வீட்டு வாசலில் ஒரு ஆள் என்னைக் கொங்கா என்றான். அவனும் வாசற்படி நாறுகிறது என்றுதான் சொன்னான். எடுத்தேன். எழுதியது தவறு, நானே எடுத்தேன் என்று எழுதினேன். பிறகு மாடிக்குப் போய்ப் பார்த்தால், பதினோரு பேருக்கு வீட்டுக்காரர் ஒரு குப்பைத் தொட்டிகூட வைத்திருக்கவில்லை. அன்று சாயங்காலம் பிலோமினா கடைக்கு வந்து, எதுவும் நடக்காத மாதிரி ஒரு மனுவுக்கு ஜெராக்ஸ் கேட்டார்.

இப்போது அவர் படத்துக்குக் கீழே நிற்கிற அந்த வார்த்தைக்கு வருகிறேன். அடி வாங்கினவர்களைக் கேட்காமல் எதையும் செய்யாதே என்பது அவர் எனக்குச் சொன்னது. அவரைக் கேட்க முடியாது. அடக்கம் முடிந்த மறுநாள் அவர் மகள் ஷெரினைக் கேட்டேன். ஒரு பல் கிளினிக்கில் வேலை செய்கிறாள். "எடுத்துடுங்க அங்கிள், என்னால அதைப் பாக்க முடியல" என்றாள். அவள் சொன்னால் சரிதான். எடுப்பதற்காகப் போனைத் திறந்தேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"அம்மா இருந்தா இன்னா பண்ணியிருப்பாங்க?"

"போன் போட்டிருப்பா."

"அப்போ போடுங்க. நானும் கூட இருக்கணும்."

சனிக்கிழமை என் கடையில் உட்கார்ந்து, ஸ்பீக்கரில் போட்டோம். எழுதியவர் நம் ஆள்தான், தமிழர். பெயர் குழுவில் இருக்கிறது. பிலோமினா மாதிரி சமமாகப் படிக்க எனக்கு வரவில்லை. நாலே வார்த்தை, அதையும் வேகமாக ஒப்பித்துவிட்டேன். படித்துவிட்டு, "சரியா?" என்று கேட்டேன்.

"சும்மா ஒரு ஜோக்குக்குப் போட்டது சார். நீங்களே எடுத்துடுங்க."

"நான் எடுக்க மாட்டேன். நீங்க எடுங்க. எடுத்தேன்னு ஒரு வரி எழுதுங்க."

"நான் எடுத்தா பயந்துட்டேன்னு ஆயிடும் சார். நீங்க எடுத்தா அட்மின் எடுத்ததாத்தானே இருக்கும்."

பிலோமினா எதற்காக இத்தனை வருஷம் அழிக்காமல் இருந்தார் என்பதை அந்த மனிதரே எனக்குச் சொல்லிக்கொடுத்தார். நான் பதில் சொல்வதற்குள் ஷெரின் போன் பக்கம் குனிந்தாள்.

"நான் அந்த அரிசி மூட்டையோட பொண்ணு பேசறேன். சார் படிச்சது எனக்குச் சரியா கேக்கல. நீங்களே ஒரு வாட்டி படிங்க."

அவர் போனை வைத்துவிட்டார்.

அதனால் அந்த வார்த்தை அங்கேயே இருக்கும். அவர் எடுக்கும்வரை இருக்கும். குழுவை மூடச் சொன்னவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், மூட மாட்டேன். மஞ்சுநாத்தும் மாட்டேன் என்கிறார். நம்மைத் திட்டுகிறவன் பேசட்டும், நாம் மட்டும் இடத்தைக் காலி செய்துவிட்டுப் போவதா? பிலோமினாவின் பொறுமை எனக்கு வராது. அந்தக் குரலும் வராது, அதைக் கேட்காமல் எப்படி இருக்கப் போகிறேன் என்றும் தெரியவில்லை. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது பிடிவாதத்தை மட்டும்தான். திங்கட்கிழமை அந்த மனிதருக்கு மறுபடியும் போன் போடுகிறோம். ஷெரின் கிளினிக்கில் லீவு சொல்லிவிட்டாள்.